எங்கள் வீட்டுக்கு நாலு சக்கரம்!

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கணவரை வீட்டில் வைத்துக்கொண்டு சமாளிப்பது எப்படி என்று யாராவது கட்டுரைப் போட்டி வைத்தால், முதல் பரிசு எனக்குத்தான். ஏனென்றால், நான் அவரை வீட்டில் வைத்துக்கொள்ளவே இல்லை. வீட்டையே அவருடைய வண்டிக்குப் பின்னால் கட்டிவிட்டேன்!

புரியவில்லையா? சொல்கிறேன், கேளுங்கள்.

நாங்கள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்கிறவர்கள். பிள்ளை தேசத்தின் ஒரு கோடியில், பெண் இன்னொரு கோடியில். என் கணவர் இஞ்சினீயர். ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதத்தில் என் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் போட்டார். "துவரம் பருப்பு எங்கே?" என்று நானே கேட்டு, "பதினேழாம் நம்பர்" என்று அவர் பதில் சொல்லும்படி ஆயிற்று. இனித் தாங்காது என்று தோன்றிய சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அமெரிக்கத் தம்பதி, தங்கள் டிரெய்லரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

டிரெய்லர் என்றால் சாமான் ஏற்றும் வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். காருக்கோ, பிக்-அப் வண்டிக்கோ பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சின்னஞ்சிறு வீடு அது. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. இந்த மோகம் அமெரிக்கர்களுக்குப் புதிதல்ல. வாலி பயம் என்ற ஒருவர் 1930-களின் தொடக்கத்திலேயே 'ஏர்ஸ்ட்ரீம்' என்ற பெயரில் டிரெய்லர் செய்யத் தொடங்கி, 1936-ல் ஆகாய விமானம்போல் அலுமினியத்தில் பளபளக்கும் ஒன்றைக் கொண்டுவந்தார். 1959-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து ஒரு பெரிய டிரெய்லர் ஊர்வலத்தையே எகிப்தின் கெய்ரோவுக்கு நடத்திச் சென்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

ஓய்வு பெற்ற அமெரிக்கர்களில் பலர் குளிர்காலம் வந்ததும் வடக்கிலிருந்து அரிஸோனாவுக்கும் டெக்ஸஸுக்கும் புளோரிடாவுக்கும் கிளம்பிவிடுவார்கள். நம் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்து போகிற மாதிரிதான். இவர்களுக்குப் பெயரே 'பனிப் பறவைகள்'. நாமும் பறந்தால் என்ன என்று நான் கேட்டேன். இரண்டே மாதத்தில், யாரோ உபயோகித்த 22 அடி நீள டிரெய்லர் ஒன்று எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அலுமினியப் பளபளப்பெல்லாம் இல்லை. வெள்ளைப் பெட்டி, நாலு சக்கரம், அவ்வளவுதான்.

2023 அக்டோபரில் புறப்பட்டோம். புறப்படுவதற்கு முன் அவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். எத்தனை மைல், எங்கே பெட்ரோல், எந்த ஊரில் எந்த மணிக்குப் போய் இறங்குவது எல்லாம் அதில் இருந்தது. 'மாலை 3-40' என்று எழுதியிருந்தால் 3-40-தான், 3-45 கூடாது. உத்தியோகம் போனாலும் ஆபீஸ் போகவில்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆறு மாதப் பிரயாணம் அல்லவா? அரிசி இரண்டு மூட்டை, உளுந்து, புளி, ஊறுகாய் ஜாடிகள், போதாக்குறைக்கு மேஜையில் வைத்து அரைக்கும் கல் கிரைண்டர் ஒன்று. எல்லாவற்றையும் டிரெய்லரின் பின்கோடியில், கட்டிலுக்கு அடியில் திணித்தேன். வெளியே தெரியாமல் எத்தனை அழகாக அடுக்கினேன் என்று எனக்கே பெருமை. அந்தப் பெருமை வயோமிங் மாநிலம் வரையில்தான் நீடித்தது.

ஒஹையோவிலிருந்து மேற்கே செல்லும் எண்பதாம் நம்பர் நெடுஞ்சாலை வயோமிங்கில் லாரமி என்ற ஊரைத் தாண்டியதும் எல்க் மலையின் அடிவாரமாகப் போகிறது. ராக்கி மலைத்தொடரில் அந்தப் பிராந்தியத்தில் ஒரு பெரிய இடைவெளி. மேற்கேயிருந்து வரும் காற்றெல்லாம் அந்த வாசலில் நுழைந்து சீறிக்கொண்டு வருகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் காற்று வருகிறதே, அதே கதைதான். ஆனால் இது பல மடங்கு முரட்டுக் கதை. பழைய சாலை இந்த மலையைச் சுற்றிக்கொண்டு வடக்கே மெடிசின் போ என்ற ஊர் வழியாகப் போயிற்று. தூரம் குறையட்டும் என்று மலையடிவாரமாகப் போட்ட புதிய சாலை 1970-ல் திறக்கப்பட்டது. "அந்தப் பக்கம் போகாதீர்கள், காற்றும் பனியும் விடாது" என்று உள்ளூர்க்காரர்கள் முன்பே எச்சரித்தார்களாம். சுருக்கு வழிக்கு ஆசைப்படுகிறவர்கள் கிழவர்கள் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறார்கள்?

லாரமியில் நாங்கள் கண்விழித்த அன்று காலையில் டிரெய்லர் தொட்டில்போல் ஆடிக்கொண்டிருந்தது. சாலையோர மின்சாரப் பலகையில் பலத்த காற்று என்ற எச்சரிக்கை.

"என்னங்க, இன்றைக்கு இங்கேயே இருந்துவிடலாமே?" என்றேன்.

"ஸால்ட் லேக் சிடியில் இடம் பதிவு செய்திருக்கிறேன். 390 மைல் போக வேண்டும். அதோ பார், லாரிகள் போகவில்லையா?" என்றார் அவர்.

லாரிகள் போயின. ஆனால் அவற்றின் கனம் என்ன, எங்கள் பெட்டியின் கனம் என்ன? இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் சென்றிருக்கும். பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிச் சென்றது. அது மறைத்திருந்த காற்று திடீரென்று ஓங்கி அறைந்தது. பின்னால் வந்த வீடு நாய் வாலை ஆட்டுவதுபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கிற்று. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. எங்கள் வண்டியின் பின்புறத்தையும் அது சேர்த்து இழுத்தது. எனக்குக் குலதெய்வத்தின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

அப்படிப்பட்ட சமயத்தில் பயந்துபோய் வண்டியின் பிரேக்கை மிதித்தால், பின்னால் வருகிற வீடு வண்டியைத் தள்ளி, இரண்டும் கத்திபோல் மடங்கிவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லருக்கென்று தனியாக உள்ள பிரேக்கை மட்டும் கையால் மெள்ள அழுத்த வேண்டும். நல்ல வேளை, அவர் அதைப் படித்து வைத்திருந்தார். ஆட்டம் தணிந்தது. அடுத்த விலகு பாதையில் இறங்கி நிறுத்தினார்.

வெகு நேரம் இருவரும் பேசவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நாற்பது வருஷத்தில் அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. "நான்தான் அப்போதே சொன்னேனே" என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சகோதரிகளே, என் தாம்பத்திய வாழ்க்கையில் நான் செய்த மகத்தான தியாகம் அதுதான்!

காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி ஊர்ந்து ஊர்ந்து லாரமிக்கே திரும்பினோம். நாங்கள் வந்து சேர்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம், எங்களைப் போன்ற கனமற்ற, உயரமான வண்டிகள் அந்தச் சாலையில் போகக்கூடாது என்று தடையே போட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து டிரெய்லரில் 78 வயது அம்மாள் ஒருத்தி இருந்தாள். கணவர் போன பிறகும் தனியாகவே வண்டி ஓட்டுகிறாளாம். மூன்று நாளாக அங்கேயே உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். எங்கள் கதையைக் கேட்டவள் முதலில் என் பக்கம் திரும்பினாள்.

"பின்பக்கம் என்ன வைத்திருக்கிறாய்?"

நான் அசடு வழியக் கட்டிலைத் தூக்கிக் காட்டினேன். கிரைண்டரைத் தட்டிப் பார்த்து, "அம்மா, நீ கருங்கல்லையே கொண்டுவந்திருக்கிறாய்!" என்றாள். டிரெய்லரின் மொத்தக் கனத்தில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு, வண்டியோடு பூட்டும் முன்மூக்கில் இறங்க வேண்டுமாம். பின்கோடியில் பாரம் ஏறினால் மூக்கு லேசாகி, வால் ஆடத் தொடங்கிவிடுமாம். ஆக, காற்றின் மேல் மட்டும் பழி போடுவதற்கில்லை. அவர் கொண்டுவந்தது அட்டவணை. நான் கொண்டுவந்தது கிரைண்டர். இரண்டும் சேர்ந்துதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தன.

பிறகு அவர் பக்கம் திரும்பி, வெகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்:

"ஸால்ட் லேக் சிடியில் உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை" என்றார் அவர்.

"பின்னே என்ன அவசரம்? வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வாரம் லீவு. அவர்கள் புயலிலும் ஓட்டித்தான் ஆகவேண்டும். நமக்குப் பணம் குறைவு, பலம் குறைவு, கண் பார்வையும் குறைவு. ஒன்றே ஒன்றுதான் அதிகம். நேரம். அதைச் செலவழிக்க ஏன் கஞ்சத்தனம்?"

அன்றிரவு நோட்டுப் புத்தகத்தில் மறுநாள் பக்கத்தைத் திறந்தார். புறப்படும் நேரம் என்ற இடத்தில் இருந்த '7-15'-ஐ அடித்துவிட்டு, 'காற்று நின்ற பிறகு' என்று எழுதினார். காற்று நிற்க இரண்டு நாள் ஆயிற்று. கிரைண்டரும் அரிசி மூட்டைகளும் இடம் மாறின. சீட்டாடினோம். கல்யாணமான புதிதில் ஆடியது. அதற்குப் பிறகு அன்றுதான்.

அதன் பிறகு பிரயாணம் வேறு தினுசாக மாறிற்று. யூட்டா மாநிலத்தின் தேசியப் பூங்காக்களைச் சாவகாசமாகப் பார்த்தோம். இந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றவர்களுக்கும் 62 வயதாகிவிட்டால், தேசியப் பூங்காக்களுக்கெல்லாம் ஆயுள் முழுதும் செல்லும் அனுமதிச் சீட்டு ஒன்று உண்டு. 2017 ஆகஸ்டு வரை 10 டாலராக இருந்தது; அதன் பிறகு 80 டாலர். வயதானதற்கு வருத்தப்படாமல் சந்தோஷப்பட்டது அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய அன்றுதான்!

அரிஸோனா என்றால் வெயில் என்று நினைத்துக்கொண்டு, நவம்பரில் பிளாக்ஸ்டாப் என்ற ஊரில் தங்கினோம். அந்த ஊர் ஏறக்குறைய 6,900 அடி உயரத்தில் இருக்கிறது என்பதை இரவு பத்து மணிக்கு உடம்பே சொல்லிற்று. காலையில் தண்ணீர்க் குழாயைத் தூக்கினேன். தடிபோல் விறைத்துக்கொண்டு வந்தது! அன்றிலிருந்து உறைபனி வரும் என்றால், மாலையிலேயே உள்தொட்டியை நிரப்பிக்கொண்டு குழாயைக் கழற்றி வைத்துவிடுவது வழக்கமாயிற்று.

அடுத்தது மின்சாரம். எங்கள் டிரெய்லருக்கு 120 வோல்ட், 30 ஆம்பியர். அதாவது மொத்தம் 3,600 வாட். அறையைச் சூடாக்கும் கருவி 1,500. காப்பிக்கு வெந்நீர் போடும் கெட்டில் 1,500. சோறு வடிக்கும் குக்கர் 700. கூட்டிப் பாருங்கள். நான் கூட்டவில்லை, குக்கர் விசையைத் தட்டினேன். ஒரே இருட்டு! அதிலிருந்து 'சோறா, காப்பியா, சூடா? எவையேனும் இரண்டு' என்பது எங்கள் இல்லத்தின் சட்டம்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இறுக மூடி, ரசமும் சாதமும் கொதிக்கவிட்டேன். விடிந்து பார்த்தால் சுவர்களெல்லாம் அழுதுகொண்டிருக்கின்றன. மெத்தையின் அடிப்பக்கம் ஈரம். கொதிக்கும் நீராவியும் இரண்டு பேர் விடும் மூச்சும் எங்கே போகும்? சில்லென்ற சுவரில் பட்டுத் தண்ணீராகிவிடுகிறது. ஆகவே எத்தனை குளிரானாலும், கூரையிலுள்ள திறப்பை இரண்டு விரற்கடை திறந்து வைக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தத் தத்துவம் தெரியும். சின்ன வீட்டில் சூடு வெளியேற ஒரு சந்து இல்லாவிட்டால், ஈரம் கண்ணில்தான் கட்டும்.

ஜனவரியில் குவார்ட்ஸைட் என்ற பாலைவன ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஊரில் நிரந்தரமாக வாழ்கிறவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். ஆனால் குளிர்காலத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து போகிறார்கள். சுற்றிலும் உள்ள அரசாங்க நிலத்தில் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் திருவிழாக் கூட்டம்போல் நிற்கின்றன. பகலில் இதமான வெயில், இரவில் கம்பளி. அங்கே யாரும் "நீங்கள் என்ன உத்தியோகம் பார்த்தீர்கள்?" என்று கேட்பதில்லை. "நேற்றைய காற்று எப்படி?" என்றுதான் கேட்கிறார்கள்.

எல்லோரும் எங்களைப் போல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டு வாடகை கட்டுப்படாமல், வண்டியே வீடாகிப் போனவர்களும் அங்கே உண்டு. எங்கள் அடுப்பில் வெந்த பொங்கலை அப்படிப்பட்ட ஓர் அம்மாளோடு பகிர்ந்துகொண்டேன். அவள் பதிலுக்குக் கொடுத்தது, குளிரில் ஜன்னலுக்குத் தடுப்பாக வைக்கும் பளபளக்கும் தாள். அதை எங்கள் ஜன்னலுக்கு அளந்து வெட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

அந்த ஊர் மயானத்தில் பிரமிடு வடிவத்தில் ஒரு சமாதி; அதன் உச்சியில் ஒட்டகம்! 1856-ல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களைக் கொண்டுவந்து பார்த்தது. அவற்றை மேய்க்க வந்தவர்களில் ஒருவர் ஹாஜி அலி. அந்தப் பெயர் சிப்பாய்கள் வாயில் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. 1902-ல் இறந்தார். அவர் சமாதியைப் பார்த்துவிட்டு ஜாலியாகத் திரும்பி வந்தால், டிரெய்லரின் வாசலில் நிழலுக்காக விரித்து வைத்திருந்த துணிப் பந்தல் காற்றில் பிய்த்துக்கொண்டு கூரை மேல் குப்புறக் கிடக்கிறது! பத்து நிமிஷம் வெளியே போனாலும் பந்தலைச் சுருட்டிவிட்டுப் போகவேண்டும் என்ற பாடத்துக்குச் சில நூறு டாலர் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினோம்.

கடைசிப் பரீட்சை ஏப்ரலில் வந்தது. வெயில் ஏறத் தொடங்கவே, பறவைகளெல்லாம் வடக்கே திரும்பும் காலம். 2024 ஏப்ரல் கடைசியில் ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்கே ஒரு சிற்றூரில் தங்கினோம். வசந்த காலத்தில் சுழற்காற்றுக்குப் பேர் போன பிரதேசம் அது.

வானிலைச் செய்தி மட்டுமே சொல்லும் ஒரு சின்ன ரேடியோ எங்களிடம் இருந்தது. அரசாங்கம் அதற்கென்றே 7 அலைவரிசைகள் வைத்திருக்கிறது. ஆபத்து என்றால் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அலறி எழுப்பும். ஆனால் அது ஊர்ப் பெயரைவிடக் கவுண்டிப் பெயரைத்தான் முக்கியமாகச் சொல்லும். கவுண்டி என்பது நம் ஜில்லா மாதிரி. உள்ளூர்க்காரருக்குத் தெரியும், வழிப்போக்கருக்கு எப்படித் தெரியும்? என் கணவர் இப்போதெல்லாம் போய் இறங்கியதும் முதல் காரியமாக இரண்டு வேலை செய்வார். அந்தக் கவுண்டியின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டிமேல் ஒட்டுவார். பிறகு, முகாமில் உறுதியான கட்டடம் எது, அதற்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று பார்த்து வருவார்.

சுழற்காற்றுக்கு இரண்டு விதமான அறிவிப்பு உண்டு. முதலாவது 'வாட்ச்': பால் அடுப்பில் இருக்கிறது, பக்கத்திலேயே நில் என்று அர்த்தம். இரண்டாவது 'வார்னிங்': பால் பொங்கிவிட்டது, ஓடு! அன்று மாலையிலிருந்து பால் அடுப்பில் இருந்தது. இரவு பதினொரு மணிக்கு ரேடியோ அலறிற்று. குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த அதே பெயரைச் சொல்லிற்று.

சுழற்காற்றுக்கு முன்னால் டிரெய்லர் தீப்பெட்டிதான். அவர் வீட்டைப் பார்க்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் தேடவில்லை. "எழுந்திரு, செருப்பைப் போட்டுக்கொள், போகலாம்" என்று என் கையைப் பிடித்தார். ஸிமெண்டுக் கல்லால் கட்டிய பொதுக் குளியலறைக்குள் பதினான்கு பேரும் இரண்டு நாயும் சேர்ந்தோம். முக்கால்வாசிப் பேர் எங்கள் வயதுக்காரர்கள். கூரையில் ஆலங்கட்டிகள் அறைந்தன. ஒரு கிழவர் மனைவியின் மாத்திரைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவசரத்தில் நான் எடுத்து வந்திருந்த பையில் முறுக்கு டப்பா இருந்தது. அதைச் சுற்றிவிட்டேன். நள்ளிரவில், ஓக்லஹோமாக் குளியலறையில், பதினான்கு பேர் முறுக்குக் கடிக்கும் சத்தம்! இடிச் சத்தத்துக்கு நடுவில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சுழற்காற்று எங்கள் பக்கம் வராமல் விலகிப் போயிற்று. விடிந்ததும் பார்த்தோம். டிரெய்லரின் கூரையெல்லாம் அம்மைத் தழும்புபோல் ஆலங்கட்டிக் குழிகள். அவர் இஞ்சினீயராயிற்றே, வருத்தப்படுவார் என்று பயந்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "போகட்டும், இனிமேல் இது நம் வீடு என்று அடையாளம் கண்டுபிடிக்கச் சுலபம்" என்றார்.

சீதோஷ்ணத்தை ஜெயித்தோம் என்று நான் சொல்லமாட்டேன். அதை யாரும் ஜெயிப்பதில்லை. அது வருகிறபோது வழிவிட்டு, போகிறவரைக்கும் காத்திருக்கப் பழகினோம். வயதான காலத்தில் கணவனும் மனைவியும் ஒருவர் கோபத்துக்கு ஒருவர் செய்யவேண்டியதும் அதுதானே?

அன்று காலையில் எங்கள் பெண் டெலிபோன் செய்தாள். "அப்பா, என்றைக்கு வீடு வந்து சேருவீர்கள்? தேதி சொல்லுங்கள்" என்றாள்.

3-40 என்றால் 3-40 என்று இருந்த மனிதர் என்ன பதில் சொன்னார் தெரியுமா?

"இரு அம்மா, காற்றைக் கேட்டுச் சொல்கிறேன்!"